எல்லை தாண்டினால் பன்றி சுடலாமா?

மாங்காய் சீசன் தொடங்கினால் பாலக்காட்டு முதலமடைக்கு வெளியூர் லாரி மட்டுமா வருகிறது? பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு புரளியும் சேர்ந்தே வருகிறது. “தமிழ்நாட்டுலதான் கெடுபிடிங்க. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிட்டா கேரளா. அங்க பன்னி சுட ஆர்டரே போட்டுட்டாங்க. தெரிஞ்சவங்க தோப்புல ஒரு ராத்திரி தங்குனாப் போதும்.” கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் கொலராடோ, வயோமிங் என்று மாநிலம் மாநிலமாக மான் வேட்டைக்குப் போகும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “வக்கீலண்ணா, நமக்கு எந்த ஸ்டேட்டுங்க தோது?” என்று என்னிடமே யோசனை கேட்கிறார்கள்.

எந்த ஸ்டேட்டும் தோது இல்லை தம்பி. அங்கே மாநில அரசே குலுக்கல் போட்டு அனுமதிச் சீட்டு விற்கிறது. வெளிமாநிலத்தவரும் பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கோவிந்தாபுரத்துக்கு இந்தப்பக்கமும் ஒன்றுதான், அந்தப்பக்கமும் ஒன்றுதான். அதன் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. பொழுதுபோக்காக வேட்டையாட உரிமம் தரும் அலுவலகம் நாட்டில் எங்கும் கிடையாது.

அப்படியானால் கேரளா ஆர்டர் போட்டது பொய்யா? பொய் இல்லை. 2022 மே மாதம் போட்டார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் எத்தனை பேர்? பயிரை அழிக்கும், ஆளைத் தாக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோருக்கு, கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற பொறுப்பில் கொடுத்தார்கள். அதிகாரம் போய்ச் சேர்ந்தது தலைவரிடம். தோப்புக்காரரிடமும் இல்லை, தோப்புக்காரரின் மச்சானிடமும் இல்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். பயிர் போன விவசாயி ஊராட்சியில் புகார் கொடுக்கிறார். தலைவர் உத்தரவு போடுகிறார். ஊராட்சிப் பட்டியலில் பெயர் உள்ள, துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் ஆள் வந்து சுடுகிறார். குட்டிக்குப் பால் கொடுக்கும் பன்றியைத் தொடக்கூடாது. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. சுட்டதைப் பதிவேட்டில் எழுதிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கறியை யாரும் எடுத்துப் போகக்கூடாது என்பதற்காகவே மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கும் ஊர்கள் உண்டு. “ராத்திரி தங்கினால் கறி” என்று கிளம்பி வருகிறவர்களுக்கு இதில் எந்த வரி இடம் கொடுக்கிறது? கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா?

“அமைச்சரே கறி சாப்பிடலாம்னு சொன்னாரே” என்பார்கள். கேரள வேளாண் அமைச்சர் பி. பிரசாத் 2025-இல், வயலில் கொல்லப்படும் பன்றியின் கறியைத் தின்ன அனுமதிக்க வேண்டும் என்று பேசியது உண்மை. “வேண்டும்” என்று பேசுவதாலேயே தெரியவில்லையா, இப்போது அனுமதி இல்லை என்று? காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்காக அறிவிக்கச் சொல்லி மாநிலம் கேட்டது. 62-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் மத்திய அரசுடையது. பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் முன்பு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்தார்கள், கேரளாவுக்குக் கொடுக்கவில்லை. 2025-இல் கேரளச் சட்டமன்றம் தானே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் திருத்துவதென்றால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். மசோதாவைக் காட்டி ஜாமீன் வாங்க முடியாது.

அந்தப்பக்கம் மட்டும் ஒன்றுமே செய்யவில்லையா? தமிழ்நாடும் 2025 ஜனவரியில் பன்றிக்கென்று ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். ஆக இரண்டு மாநிலமும் பன்றிக்கு வழி சொல்கின்றன. வேட்டைக்காரருக்கு இரண்டுமே வழி சொல்லவில்லை.

பன்றிக்கே இந்தக் கதை என்றால் மிளாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மிளா முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. இரண்டாம் அட்டவணை விலங்கு பயிரை அழித்தால் கொல்ல உத்தரவிட 11-ஆம் பிரிவில் இடமுண்டு. முதல் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச் சேதம் ஒரு காரணமே இல்லை. சுட்டால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. “சுடவே இல்லைங்க, சுருக்குதான் வெச்சோம்” என்று என் முன்னால் உட்கார்ந்து சொன்னவர்கள் உண்டு. கண்ணி வைப்பது, இரை வைப்பது, விரட்டுவது, முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். கையில் கறி இருந்தால் அது முறையாக வந்ததென்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். வண்டியும் துப்பாக்கியும் திரும்பி வராது.

இந்தப் புரளிக்குத் தாத்தா காலத்து வாசம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடுக்கியில் இரவிகுளம் மலை, 1971 வரை தேயிலைக் கம்பெனிக்காரர்களின் வேட்டைக் காடு. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. அந்தக் கதை முடிந்து அரை நூற்றாண்டாகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதனால் முயல் சுடலாம்.
உண்மை: சில வகை ஏர்கன்னை உரிமம் இல்லாமல் வாங்கலாம். முயலைச் சுட அது அனுமதி ஆகாது. முயலும் அட்டவணையில் இருக்கிறது.

நம்பிக்கை: வண்டியில் அடிபட்டுச் செத்த மானை எடுத்துக்கொள்ளலாம்.
உண்மை: 39-ஆம் பிரிவின்படி அது அரசு சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசிடமோ வனத்துறையிடமோ சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: மலைவாழ் மக்களைக் கூட்டிக்கொண்டு போனால் கேஸ் வராது.
உண்மை: 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடருக்கும் மலசருக்கும் தேன், கிழங்கு, வனப்பொருள் எடுக்கும் உரிமையைத் தருகிறது, வேட்டையைப் பெயர் சொல்லியே விலக்கி வைக்கிறது. உங்கள் கறி ஆசைக்கு அவர்களை ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள்.

நம்பிக்கை: சுட்டால்தான் சத்தம், கரண்ட் கம்பியும் அவுட்டுக்காயும் யாருக்கும் தெரியாது.
உண்மை: இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 2020-இல் நம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த சினை யானை, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்கு அருகே வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மாட்டி இறந்தார்கள். 2023-இல் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். கம்பி வைத்தவர் அவர்களை வயலிலேயே புதைத்தார். 2025 ஜூனில் மலப்புறம் வழிக்கடவில் பதினைந்து வயதுப் பையன். கம்பி ஆளைப் பார்த்தா பிடிக்கிறது?

இத்தனை புரளிக்கும் விதை எது என்று கேட்டால் நான் வழக்கமாகப் பாடும் பாட்டைத்தான் பாடுவேன். ஆணைகள் தமிழில் இல்லை. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம் என்கிறது. அப்படியிருக்க, பன்றி ஆணையின் தமிழ்ப் படியை எந்த அறிவிப்புப் பலகையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. படிக்கத் தெரியாத மொழியில் சட்டம் ஒட்டினால், டீக்கடையில் பேசுகிறவன் சொல்வதுதான் சட்டம்.

ஆகவே தோப்புக்காரர்களே, பன்றி வந்தால் ஊராட்சிக்குப் புகார் எழுதுங்கள்; தமிழிலேயே எழுதுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். துப்பாக்கியோடு வரும் விருந்தாளிக்கு மட்டும் தோப்புச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர் தப்பி ஓடினாலும் மகஜரில் ஏறுவது உங்கள் சர்வே நம்பர்தான்.