புகை நாளில் மிதிவண்டிப் பயணம்

2022 ஜூலை 19 அன்று ஐக்கிய இராச்சியத்தின் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியஸைக் கடந்தது. அன்றே லண்டனின் கிழக்கு எல்லையிலுள்ள வெனிங்டன் கிராமத்தில், காய்ந்த புல்வெளியில் பரவிய தீ பல வீடுகளை அழித்தது. அத்தகைய கோடை நாட்கள் மோர்டன்வாசிகளுக்கும் அயலானவை அல்ல.

தீப்புகையிலுள்ள பிஎம் 2.5 எனும் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. மிதிவண்டி ஓட்டுபவர் ஓய்வில் இருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். துணி முகக்கவசம் அவருக்குப் போதிய காப்பன்று. நாளாந்தக் காற்று மாசுச் சுட்டெண் 7 முதல் 9 வரை இருப்பின் ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர் கடும் உடலுழைப்பைக் குறைத்தல் வேண்டும். 10 எனில் முற்றாகத் தவிர்த்தல் வேண்டும்.

புறப்பட்டே ஆகவேண்டியவர்களுள் பலர், அச்சத்தால் ஏ24 போன்ற வீதிகளின் ஓரக்கல்லை ஒட்டியே செல்கின்றனர். அது பாதுகாப்பன்று. வடிகால் மூடிகளும் குழிகளும் கண்ணாடித் துண்டுகளும் அங்குதான் உள்ளன; புகைமூட்டத்தில் அவை அருகே வந்த பின்னரே தென்படும். பரபரப்பான வீதியில் ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீற்றரும், நிறுத்தப்பட்ட வாகனங்களிலிருந்து ஒரு மீற்றரும் விலகிச் செல்லுமாறு நெடுஞ்சாலை விதிக்கோவை கூறுகிறது. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் முந்தும் சாரதி 1.5 மீற்றர் இடைவெளியேனும் விடுதல் வேண்டும். பகலாயினும் முன், பின் விளக்குகளை ஒளிரவிடுவது நன்று.

வாண்டில் ஆற்றோரப் பாதையில் வாகனத் தொல்லை இல்லை. ஆனால் புகை அங்கும் அதேதான். மடித்த மிதிவண்டியை மோர்டன் நிலக்கீழ் ரயிலில் எந்நேரமும் கொண்டு செல்லலாம்.