அத்தையின் மூன்று மா

அன்புள்ள பேத்திக்கு,

சின்னத் தாத்தா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே "சரி தாத்தா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உன் அத்தை மறுத்துவிட்டாள், மூன்று மா நிலத்துக்காக அண்ணன் தம்பி உறவையே அறுத்துக்கொண்டாள் என்று வீட்டில் பேசிக்கொள்வதாகச் சொன்னாய். "இந்தக் காலத்தில் சொந்தமெல்லாம் காசுதானா?" என்றும் கேட்டாய். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்து, அந்தக் காலத்துச் சொந்தமும் நிலத்தோடு பின்னியதுதான். பத்திரத்தில் யார் பெயர் வரும் என்பதுதான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

முதலில் பங்காளிகளைப் பார். நம் பக்கம் வாய்க்கால் தண்ணீர் பெரும்பாலும் வயலுக்கு வயல் பாய்ந்துதான் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும். 1934-ல் மேட்டூர் அணை வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. மேல் வயல் சித்தப்பாவுடையது என்றால், கல்யாணத்தில் அவரோடு எத்தனை மனஸ்தாபம் வந்திருந்தாலும் நடவுக்கு முன்னால் போய்ப் பேசித்தான் ஆகவேண்டும். பேசாதவனுக்கு மடை திறக்காது. பிறகு போர்செட் வந்தது, அறுப்பு மெஷின் வந்தது. பங்காளி முகத்தில் விழிக்காமலே குறுவையும் சம்பாவும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. பாசம் வற்றிவிட்டதாக ஊரில் புலம்புகிறார்கள். எனக்கென்னவோ நிர்ப்பந்தம்தான் வற்றியது என்று படுகிறது. ஊரை விட்டுப் போவதும் நேற்று ஆரம்பித்ததல்ல. 1961-62-ல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரத்து மிராசுதார்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை அப்போதே பதிவு செய்திருக்கிறார்.

இனி அத்தை விஷயம். இதைத்தான் நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்பதே பழைய ஏற்பாடு. அதற்கு ஈடாகப் பொங்கல் சீர், ஆடிச் சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் செய்து வைத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தலைமுறையில் நகையாகவும் பாத்திரமாகவும் வெளியே போனது, அடுத்த தலைமுறையில் மருமகளோடு வீடு திரும்பும். இன்று அந்தக் கணக்குக்கு ஆளே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். என் காலத்தில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்திருந்தால், பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா என்று எட்டுப் பேர் தேறுவார்கள். உனக்கு விரலை மடக்கிப் பார். உன் பிள்ளைக்கு மடியில் உட்கார ஒரு தாய்மாமன் கூடக் கிடையாது. இதில் யார்மீது கோபித்துக்கொள்ள முடியும்?

நான் எழுதிய விடுதலைப் பத்திரங்களில் "அன்பும் பாசமும் கருதி" என்ற வாசகம் தவறாமல் வரும். தங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தவை ஏராளம். அண்ணன் தங்கைக்கு எழுதிக்கொடுத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்காத வரைக்கும்தான் அவளுக்குப் பிறந்த வீடு. கேட்டாலோ பணத்தாசை பிடித்தவள்.

அவள் கேட்கலாம் என்ற இடத்துக்குச் சட்டம் வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, திருக்குவளையில் பிறந்த கருணாநிதி முதல்வராக இருக்கும்போதுதான் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. ஆனால் 25-3-1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. உன் அத்தைக்கு 1986-லேயே கல்யாணம் முடிந்துவிட்டது. அவளுக்கு வழி திறந்தது 9-9-2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம்தான். குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதுவும் அன்றோடு போயிற்று. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உன் தாத்தா தன் பிள்ளைகளுக்குள் பாகம் எதுவும் பிரித்து வைக்காமலே போய்ச் சேர்ந்தார். ஆகவே உன் பெரியப்பா, அப்பா, அத்தை மூவருக்கும் சமப் பங்கு; மொத்தம் ஒன்பது மாவில் மூன்று மா அவளுடையது. யாரும் போடும் பிச்சையல்ல.

நிலமே இல்லாதவர்கள் வீட்டில் இது எப்படி நடந்தது தெரியுமா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கினார்கள். கூலிக் குடும்பங்களுக்கு அவர்கள் வாங்கிக்கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிந்தார்கள். குடித்துவிட்டு வந்து அடகு வைக்க, பட்டா புருஷன் பெயரில் இல்லை. மிராசு வீடுகள் மகளுக்குத் தர யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் சேரியில் அது நடந்துவிட்டது.

உன் பெரியப்பாவுக்கு வேறொரு பயம்: எல்லாரும் பாகம் வாங்கிக்கொண்டு போய்விட்டால் கடைசிக் காலத்தில் தன்னை யார் பார்ப்பது? 2007-ன் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல். பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் அதில் எழுதச் சொல். பிள்ளை பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்காகத் தங்கையின் பங்கைப் பிடித்துவைப்பது எந்த ஊர் நியாயம்?

நீ செய்ய வேண்டியது இதுதான். அத்தையை அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். சிட்டாவை எடுத்துக்கொண்டு நீயும் அப்பாவும் அவள் வீட்டுக்குப் போங்கள். நிலமாக வேண்டுமா, மதிப்புப் போட்டுப் பணமாக வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். மாப்பிள்ளை பதில் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுபடியும் அவளையே கேளுங்கள். விடுதலைப் பத்திரம் வேண்டாம், மூன்று பேர் பெயரும் போட்டுப் பாகப் பிரிவினைப் பத்திரமாகவே எழுதலாம். எந்தத் துண்டு யாருக்கு என்பதில் இழுபறி வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சாட்சிக் கையெழுத்தை நீயே போடலாம், உனக்குத்தான் பதினெட்டு முடிந்துவிட்டதே. இன்னொன்று: இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் அடிக்கிறவர்கள் விட்டுவிடுகிற ஒரு வரி உண்டு. வாய்க்கால், மடை, வண்டிப்பாதை மூன்றும் மூவருக்கும் பொதுப் பாத்தியதை என்று எழுதியிருக்கிறதா என நீயே படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பதிவுக்குக் கொடு.

உன்
சின்னத் தாத்தா