மரீசி திரும்பாத வழி

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றை அறியாத சமணர் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் அரியர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டு அங்குள்ளது. அங்கேயே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரரும் வரிசைக்குப் பன்னிருவராகச் செதுக்கப்பெற்றுள்ளனர். முதல்வராகிய விருஷபதேவரிடமிருந்து இறுதியிலுள்ள மகாவீரரிடம் நம் கண் நொடியில் சென்றுவிடுகிறது. அவ்விடைவெளியைக் கடக்க ஓருயிர்க்கு எத்துணைப் பிறவிகள் வேண்டியிருந்தன என்று எண்ணியதுண்டா?

அவ்வுயிர் மரீசி; பரதச் சக்கரவர்த்தியின் மகன், விருஷபதேவரின் பேரன். பகவான் துறவு பூண்டபோது 4000 அரசர் உடன் துறந்தனர். அவரோ ஆறு திங்கள் அசையாது நின்றார். காரணம் அறியாத அவர்கள் பசியாலும் ஐயத்தாலும் தளர்ந்து, கனி கிழங்குண்டு மரவுரி தரித்தனர். மரீசி மட்டும் வழுவினான் அல்லன், அனைவரும் வழுவினர். வேறுபாடு பின்னரே தோன்றிற்று. பகவான் கேவலஞானம் எய்தியபின் ஏனையோர் மீண்டும் தீட்சை பெற்றனர். மரீசியோ தான் வகுத்த கொள்கையை விடாது, மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டான். தளர்ந்தது ஐயத்தால்; திரும்பாதது பிடிவாதத்தால்.

பின்னர்த் தேவனாய், மனிதனாய், ஓரறிவுயிராய் அளவற்ற பிறவிகள். ஒரு பிறவியில் சிங்கமாகி மானைக் கிழித்துத் தின்னும் வேளையில், சாரண முனிவர் இருவர் வானினின்று இறங்கி அறங்கூற, அது கண்ணீர் வடித்து ஊனைத் துறந்தது. அரசிளங்குமரனாய்க் கேளாத செவி விலங்கானபின் கேட்டது! அவ்வுயிரே மகாவீரராயிற்று.

ஐயமே ஆகாதென்பது இதன் கருத்தன்று. இந்திரபூதியும் ஐயமும் செருக்கும் உடையவராய் வாதிடவே வந்தார். மானத்தம்பத்தைக் கண்டதும் செருக்கழிந்து, பகவானைப் பணிந்து வினவி, முதற் கணதரரானார். மேல்சித்தாமூர் ஜினாலயத்தின் முன்னுள்ள மானத்தம்பத்தை வலம்வரும் நாம் இதனை நினைக்கிறோமா?

அறவுரையில் விளங்காத இடத்தில் தலையசைத்துவிட்டு, இல்லம் திரும்பியபின் நம் விளக்கமே சரியென வாதிடுவது நம்மிடையே வழக்கம். இதனை எழுதும் நாமும் விலக்கல்லோம். சல்லேகனையும் தற்கொலையும் ஒன்றே என இளமையில் பலர்முன் வாதிட்டோம். பிழையோ என உள்ளம் உறுத்தியபின்னும், சொன்னதை மாற்ற நாணி வாளாவிருந்தோம். ஒரு தசலட்சண பருவத்தில்தான் முதியவர் ஒருவரை வினவினோம். தற்கொலை சினத்தாலும் துயராலும் விளைவது. சல்லேகனை உடலோடு அக்கஷாயங்களையும் மெலியச் செய்வது என்றார். அவர் விடை கூறச் சில நிமிடங்களே ஆயின. வினவ நமக்குப் பதினோராண்டுகள் ஆகியிருந்தன.