உலர்திராட்சையை முதலில் சொல்லுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நாய்களுக்கு உலர்பழங்களைத் தின்பண்டமாகத் தரலாமா என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கால்நடை மருத்துவம் படித்த ஒருவர் பாடப்புத்தக நடையை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுவது அபூர்வம். உங்களுக்கு அது கைவந்திருக்கிறது. எனக்குக் கோபம் அதிகமாக வந்ததற்கும் அதுவே காரணம். நன்றாக எழுதப்பட்டதைத்தான் மக்கள் நம்பி நடப்பார்கள். பேரீச்சை, அத்தி, உலர்திராட்சை, ஆப்ரிகாட், காய்ந்த ஆப்பிள் என்று ஒரே மூச்சில் அடுக்கி, ‘எதையும் அளவோடு கொடுத்தால் கெடுதல் இல்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். உலர்திராட்சைக்குக் கிடைத்திருப்பது, கடைசிக்கு முந்தைய பத்தியில் ‘சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்’ என்கிற ஒரே வரி. நாயின் சிறுநீரகத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘அளவோடு’ என்ற அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டுரையின் மற்ற குறைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவை.

அளவோடு கொடு என்ற அறிவுரை ஒரு பொருளுக்குப் பொருந்த வேண்டுமானால், இதற்குக் கீழே பயமில்லை என்று ஓர் எல்லை தெரிந்திருக்க வேண்டும். கூடக்கூடக் கெடுதலும் கூட வேண்டும். ஒரு நாய்க்குச் சரியாக இருப்பது ஏறக்குறைய இன்னொரு நாய்க்கும் சரியாக இருக்க வேண்டும். கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் இவை ஓரளவு பொருந்தும். உலர்திராட்சைக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. பிரிட்டனின் நச்சுத் தகவல் பதிவுகளில், ஒரு கிலோ வரை தின்றும் ஒன்றும் ஆகாத நாயும் இருக்கிறது, ஒரு கைப்பிடி தின்று இறந்த நாயும் இருக்கிறது. இதுவரை பாதிப்பு பதிவானவற்றில் மிகக் குறைந்த அளவு, நாயின் ஒரு கிலோ எடைக்கு உலர்திராட்சை என்றால் ஏறக்குறைய 3 கிராம், திராட்சைப் பழம் என்றால் ஏறக்குறைய 20 கிராம். பத்துக் கிலோ நாய்க்கு 30 கிராம் உலர்திராட்சை போதும். பாயசத்துக்கு நெய்யில் வறுக்க எடுத்துவைக்கிற கைப்பிடி அது. மூன்று கிலோ பொமரேனியனுக்குச் சுமார் 20 உலர்திராட்சை. அதுவும் பாதுகாப்பின் எல்லை அல்ல, பதிவேட்டுக்கு வந்துசேர்ந்தவற்றில் குறைந்தது மட்டுமே. இதை வைத்துக்கொண்டு வாசகருக்கு எந்த அளவைச் சொல்வீர்கள்? நீங்களும் எதையும் சொல்லவில்லை. அளவைச் சொல்லாமல் ‘அளவோடு’ என்றால், முடிவை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு எனக்குத் தெரியும். திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற 139 நாய்களைப் பின்னோக்கி ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரையில், சிறுநீரகப் பாதிப்பு கண்டவை 7 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியிருக்க ஏன் இத்தனை அச்சம் என்று கேட்கலாம். 2005-இல் வெளியான பழைய ஆய்வு வேறு கதை சொல்கிறது. அதில் சிறுநீரகம் செயலிழந்த 43 நாய்களில் பிழைத்தவை 23 மட்டுமே. சிறுநீர் குறைந்தவற்றின் கதி மோசமாக இருந்தது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. தின்ற நாய்களில் எத்தனைக்குக் கெடுதல் வரும் என்பது ஒன்று, கெடுதல் வந்தபின் எத்தனை மிஞ்சும் என்பது இன்னொன்று. முதல் எண் சிறியதாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த நாய்களில் பெரும்பாலானவற்றை உரிமையாளர்கள் உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மருத்துவர்கள் வாந்தி எடுக்கவைத்தார்கள். அவர்களை ஓடவைத்தது அச்சம்தான். ‘சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்’ என்று படித்தவர் ஓடமாட்டார். நாளைக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார். வாந்தி பெரும்பாலும் முதல் நாளிலேயே வந்து நின்றுவிடும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் ஏறுவது அதற்கும் பிறகு. வாந்தி நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொள்கிற அந்த இடைவெளியில்தான் நாயை இழக்கிறோம்.

இந்த நஞ்சைக் கண்டுபிடித்த வரலாற்றை நீங்கள் தொடாமலே விட்டது எனக்குப் பெரிய வருத்தம். அதைச் சொல்லியிருந்தால் கட்டுரையின் வகைப்பாடே மாறியிருக்கும். 1990-களில் அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தகவல் மையத்துக்கு வந்த அழைப்புகளில்தான் இந்தத் தொடர்பு மெல்லத் தெரியத் தொடங்கியது. 2001-இல் அது மருத்துவ இதழில் அச்சேறியது. பூச்சிமருந்தா, பூஞ்சை நஞ்சா, கனஉலோகமா என்று தேடினார்கள். எதுவும் பொருந்தவில்லை. ரசாயனம் தெளிக்காத வீட்டுத் தோட்டத்துக் கொடியில் பறித்த பழமும் நாயைக் கொன்றது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் காரணம் தெரியாமலே எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மதிப்பு அந்த 20 ஆண்டுகளின்மேல்தான். காரணம் தெரியவில்லை என்பதற்காக அவர்கள் எச்சரிக்கையை நீர்க்கவிடவில்லை. பிறகு, குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கு அதே சிறுநீரகச் சிதைவு வந்தது. அந்த மாவில் கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் கிரீம் ஆஃப் டார்டார் சேர்ந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அந்த அமிலமே நிறைந்திருக்கிறது. 2021-இல் அந்த மையத்தின் மருத்துவர்கள் இதை முன்வைத்தார்கள். 2023-இல் ஆய்வகத்திலும் சான்று கிடைத்தது. 1958-இல் ஒரு காக்கர் ஸ்பேனியலின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் வளர்க்கப்படும் செல்வரிசை ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். டார்டாரிக் அமிலம் அந்த நாய்ச் செல்களைக் கொன்றது, மனிதச் சிறுநீரகச் செல்களை ஒன்றும் செய்யவில்லை. இவ்வகை அமிலங்களைக் கடத்தும் மனிதப் புரதம் ஒன்று நாய்க்குக் கிடையாது. அதை நாய்ச் செல்லில் புகுத்தியதும் செல் பிழைத்தது. இவ்வளவு தெளிவாக, மனிதனுக்கு உணவாவது நாய்க்கு ஏன் நஞ்சாகிறது என்று காட்டும் இன்னொரு பரிசோதனை எனக்கு நினைவில் இல்லை.

இதை வைத்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. திராட்சையின் வகைக்கும் மண்ணுக்கும் பழுத்த பதத்துக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு பல மடங்கு மாறும். ஒரு நாய் தப்புவதும் இன்னொன்று சாவதும் இதனால்தான் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. நாலு கிலோ பழம் காய்ந்து சுமார் ஒரு கிலோ உலர்திராட்சை ஆகிறது. நீர்தான் போகிறது, அமிலம் போவதில்லை. பிளம் கேக்கில் சுட்டாலும், கேசரியில் வெந்தாலும் அது அப்படியே இருக்கிறது. ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலத்தால், எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலத்தால். டார்டாரிக் அமிலம் மிகுந்த பழங்கள் சிலவே. ஆகவே ‘உலர்பழம்’ என்று ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுப் பேசுவது மருத்துவரின் வகைப்பாடு அல்ல, கடைக்காரரின் வகைப்பாடு. காய்ந்த ஆப்பிளும் உலர்திராட்சையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். நாயின் உடலுக்குள் அவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை.

டார்டாரிக் அமிலம் மிகுந்த அந்தச் சில பழங்களில் இன்னொன்று, நம் வீட்டுப் புளி. உலர்ந்த சதையின் எடையில் 8 முதல் 18 விழுக்காடு வரை அந்த அமிலம் இருக்கிறது. 2022-இல் வெளியான ஆறு நாய்களின் விவரத்தில், நான்கு கிரீம் ஆஃப் டார்டார் தின்றவை, இரண்டு புளி தின்றவை. திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரகப் பாதிப்பு அவற்றுக்கும் வந்தது. தமிழில் எழுதுகிற நாம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? உடனே எழும் எதிர்ப்பும் எனக்குத் தெரிந்ததே: நம் ஊர் நாய்கள் காலங்காலமாகக் குழம்புச் சோறு தின்றுதானே வாழ்கின்றன? எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்துக் குடும்பத்துக்கே வைத்த ரசத்தில், நாயின் தட்டுக்கு வருவது ஒரு கரண்டி. அதில் இருக்கும் அமிலம் சொற்பம். குழம்புச் சோறு தின்ற நாயெல்லாம் சாகும் என்று சொல்ல இந்த இரண்டு நாய்கள் சான்றாகா, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வாழ்கிற நாய்களை மட்டும் எண்ணுவது கணக்கு ஆகாது. வாந்தி எடுத்துச் சுருண்டு மூன்றாம் நாள் செத்த நாய்க்கு, எலிமருந்து, பார்வோ, பாம்புக்கடி என்று ஏதோ ஒரு பெயர் வைத்துவிட்டு அடக்கம் செய்கிறோம். ரத்தப் பரிசோதனை செய்தவர் யார்? கரைத்த புளி வேறு, புளி உருண்டையும் புளிக்காய்ச்சலும் வேறு. பின்னவை நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுத, இப்போதிருக்கும் சான்றே போதும்.

மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த நாய் மனித உணவுக்குப் பழகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதி உண்மை. ஓநாயைவிட நாயிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுவின் படிகள் மிக அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். சோற்றுக்கு அது நல்ல சான்று. திராட்சைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு சத்தைச் செரிக்கப் பழகிய உடல், தொடர்பே இல்லாத ஓர் அமிலத்தை வெளியேற்றவும் பழகியிருக்கும் என்று எப்படிச் சொல்வது? உலர்பழத்தின் வைட்டமின் சி நாயின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். நாய் தன் கல்லீரலிலேயே அந்த வைட்டமினைச் செய்துகொள்கிறது. பழத்தை உலர்த்தும்போது அழிகிறவற்றில் முதன்மையானதும் அதுவே. மனிதருக்கான சத்துப் பட்டியலை நாய்க்கு எடுத்து ஒட்டும் இந்தப் பழக்கம் பெரிய இதழ்களில்கூட இருக்கிறது. படித்த உங்களிடம் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கொடுக்கக்கூடிய பழங்களுக்கு ‘அளவோடு’ சரிதான். அங்கே நீங்கள் அளவைச் சொல்லியிருக்க வேண்டும். தின்பண்டம் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் துறையின் பொது விதி. பத்துக் கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி, அதாவது தின்பண்டத்துக்கு 60. ஒரு பெரிய மெட்ஜூல் பேரீச்சை அதைத் தாண்டிவிடும். 100 கிராம் ஆப்பிளில் 50 கலோரி, காய்ந்த ஆப்பிளில் 240. இப்படி எண்ணைச் சொன்னால் வாசகர் தானே புரிந்துகொள்வார்: நாய்க்குப் பழம் தர விரும்பினால் விதை நீக்கிய ஆப்பிள் துண்டே நல்லது, காயவைத்தால் சர்க்கரைதான் செறிகிறது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பொட்டலங்களில் சைலிட்டால் இருக்கலாம் என்று நீங்கள் எச்சரித்தது நல்லது. அது பொட்டலத்தின் பின்புறம் ஐஎன்எஸ் 967 என்று மட்டும் இருக்கக்கூடும் என்பதையும் சேருங்கள்.

பேரீச்சங்கொட்டை குடலில் சிக்கும் விதத்தை எழுதிய பத்திக்கு வருகிறேன். தமிழில் விலங்கு மருத்துவம் பற்றி நான் படித்தவற்றில் மிகச் சிறந்த பத்தி அது. எந்த இடத்தில் சிக்கும், நாய் எப்படி முதுகை வளைத்து நிற்கும், எந்த நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஒரு சொல் மிகாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆப்ரிகாட் கொட்டையின் சயனைடையும் அதே பத்தியில் அச்சமூட்டாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். இந்தத் துல்லியம் உங்களிடம் இருக்கும்போது உலர்திராட்சைக்கு மட்டும் ஏன் தயங்கினீர்கள்? வாசகரைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் என்று நினைக்கிறேன். பயமுறுத்துவது வேறு, தகவல் தருவது வேறு. எதைச் செய்வது என்று தெரியாதவரிடம்தான் பயம் தங்கும். தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காதே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போ, வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதே, மருத்துவர் ஏற்றும் சலைன் இரண்டு நாள் நீடிக்கலாம், மூன்று நாள் ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதினால் வாசகருக்குச் செய்ய வேலை கிடைக்கும்.

அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் எழுதுங்கள். தீபாவளியும் கிறிஸ்துமஸும் வரும் மாதங்களில் வீடுதோறும் உலர்திராட்சை இருக்கும், அதற்குமுன் அது அச்சேற வேண்டும். உலர்திராட்சை, திராட்சை, புளி மூன்றையும் முதல் பத்தியில் வைத்து, நாய்க்கு இவற்றை ஒன்றுகூடத் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு, பேரீச்சையையும் ஆப்பிளையும் பிறகு பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்