செல்போனில் விற்கும் நட்சத்திர ஆமை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று எங்க ஆயா சொல்லும். (அமீனா என்றால் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருபவர்.) ஆனால் இப்போ வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் நட்சத்திர ஆமை படம் போட்டு, "வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்" என்று விற்கிறார்கள்!

நட்சத்திர ஆமை முள்புதர்க் காட்டில் புல், இலை தின்று வாழும். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் மட்டுமே இயற்கையாக உண்டு. ஓட்டில் உள்ள மஞ்சள் நட்சத்திரக் கோடுகளே அதற்கு ஆபத்து. பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்தும்போது சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

சந்தையில் விற்றால் ஆளைப் பிடிக்கலாம். செல்போனில் முகமும் தெரியாது, பெயரும் பொய்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி இதைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். 2019-ல் சைட்டஸ் என்ற உலக நாடுகளின் ஒப்பந்தமும் நாடுகளுக்கிடையே இதன் வியாபாரத்தைத் தடை செய்தது.

நாம் செய்ய வேண்டியவை:
1. வாங்கக் கூடாது.
2. சும்மாகூட விலை கேட்கக் கூடாது. கேட்டால், வாங்க ஆள் இருக்குன்னு இன்னும் நாலு ஆமையைப் பிடிப்பாங்க.
3. படத்தை யாருக்கும் அனுப்பாமல், பெரியவங்க மூலமா வனத்துறைக்குச் சொல்லணும்.

ஆமை வாங்கினா அதிர்ஷ்டம் வராது, வனத்துறை ஜீப்புதான் வரும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி