ஒரு துப்பாக்கிச் சூடு, எத்தனை வழக்கு?

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு கோர்ட்டிலிருந்து ஒரு தபால் வந்தது. வாங்கிப் பார்த்த அம்மா, அப்பாவை ஜெயிலில் போடப் போகிறார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதைப் படித்துச் சொல்ல அதற்கு முன்னால் ஆள் கிடையாது. நான் பிரித்துப் படித்தேன். தென்னை நிற்கிற எல்லை சம்பந்தமாகப் பக்கத்து விளைக்காரர் போட்ட வழக்கு. மேலே 'ஓ.எஸ்.' என்று எண் போட்டிருந்தது. விசாரித்தபோது தெரிந்தது: ஓ.எஸ். என்றால் அது சிவில் வழக்கு. அதில் எல்லை யாருடையது என்றுதான் முடிவாகும், ஜெயிலுக்கு அதில் வேலை இல்லை. குற்ற வழக்காக இருந்தால் 'சி.சி.' அல்லது 'எஸ்.சி.' என்று எண் வரும். இந்த இரண்டு எழுத்து தெரியாததால் அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

நான் படிப்பதும் சிவில்தான், ஆனால் அது வேற சிவில்! இந்த சிவிலையும் கிரிமினலையும் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். உதாரணத்துக்கு தூரத்தில் தேட வேண்டாம். நம் மாவட்டத்துக் கடற்கரை வரை வந்து தொட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் 'என்ரிக்கா லெக்சி' கப்பல் வழக்கு.

நடந்தது என்ன?

2012 பிப்ரவரி 15. கேரளக் கடலுக்கு வெளியே 'செயின்ட் ஆன்டனி' என்ற விசைப்படகில் மீனவர்கள் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து ஜிபூட்டிக்குப் போன இத்தாலிய எண்ணெய்க் கப்பல் என்ரிக்கா லெக்சி அந்தப் பக்கம் வந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பலைக் காக்க அதில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் 6 பேர் இருந்தார்கள். கப்பலிலிருந்து சுட்டார்கள். படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். படகின் சொந்தக்காரரும் நம் மாவட்டத்தவரே. கப்பலைக் கொச்சிக்கு வரவழைத்து, பிப்ரவரி 19 அன்று மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே என்ற இரண்டு வீரர்களைக் கேரளப் போலீஸ் கைது செய்தது. கொள்ளையர் என்று நினைத்ததாக இத்தாலி சொன்னது. படகில் ஆயுதம் எதுவும் இல்லை என்று இந்தியா சொன்னது.

ஒரே சம்பவம், இரண்டு பாதை

இந்த ஒரு சம்பவத்திலிருந்து இரண்டு விதமான வழக்கு பிறந்தது.

1. குற்ற வழக்கு: நீண்டகரை கடலோரக் காவல் நிலையத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 302-ன் கீழ் கொலை வழக்கு பதிவானது. (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்கான தண்டனை 103-வது பிரிவு.) இதை நடத்துவது அரசு. இறந்தவர் வீட்டார் இதில் சாட்சியாகலாம், பாதிக்கப்பட்டவர் என்று குரல் கொடுக்கலாம், ஆனால் வழக்கு அவர்கள் கையில் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். முடிவு தண்டனை அல்லது விடுதலை.

2. சிவில் வழக்கு: இறந்தவர்களின் குடும்பத்தாரும் படகு உரிமையாளரும் நஷ்டஈடு கேட்டுக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். கடல் வழக்கில் ஒரு விசேஷம் உண்டு: ஆளை மட்டுமல்ல, கப்பலையே பிடித்து நிறுத்தி வைக்கலாம். இங்கே வழக்குப் போட்டவர்தான் வாதி. யார் பக்கம் உண்மை கூடுதலாகத் தெரிகிறதோ அவர் பக்கம் தீர்ப்பு. முடிவு பணம் அல்லது உரிமை.

நிரூபிக்கும் அளவு இப்படி வேறுபடுவதால் இரண்டு கோர்ட்டில் இரண்டு முடிவு வரலாம். அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்சன் என்ற விளையாட்டு வீரர் இரட்டைக் கொலை வழக்கில் 1995-ல் விடுதலையானார். அதே சம்பவத்துக்காக 1997-ல் சிவில் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளி என்று சொல்லி நஷ்டஈடு கட்ட உத்தரவிட்டது. கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் அளவுகோல் வேறு, அதனால் விடையும் வேறு.

"பைசா வாங்கியாச்சுல்லா?"

2012 ஏப்ரலில் இத்தாலி இரண்டு குடும்பங்களுக்கும் தலா 1 கோடி ரூபாய் கொடுத்தது. சமரசமாகி, குடும்பத்தார் சிவில் வழக்கிலிருந்து விலகினார்கள். இந்த வழக்கைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "பைசா வாங்கியாச்சுல்லா, பொறவு என்னல கேசு?" நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம்.

பதில் இதுதான். பணம் வாங்கினால் முடிவது சிவில் வழக்கு மட்டுமே. சின்னச் சின்னக் குற்றங்களில் சட்டமே சமரசத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. கொலைக்கு அந்த இடம் இல்லை. ஏனென்றால் கொலை ஒரு வீட்டுக்கு எதிரான தப்பு மட்டுமல்ல, ஊருக்கே எதிரான தப்பு. விலை பேசி முடிக்கலாம் என்று வந்தால் பைசா உள்ளவன் யாரையும் சுடலாம் என்றாகிவிடும். அதனால்தான் அந்தச் சமரசத்தை உச்ச நீதிமன்றம் அப்போதே கடுமையாகக் கண்டித்தது. குற்ற வழக்கும் தொடர்ந்து நடந்தது.

20.5 என்ற எண்

அடுத்த கேள்வி: எந்த நாட்டுக் கோர்ட்? நாம் சர்வே பாடத்தில் சங்கிலி பிடித்து அளக்கிறோமே, அந்த அளவுதான் இங்கே பேசியது. சம்பவம் நடந்த இடம் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அப்படியானால் சுமார் 38 கிலோமீட்டர்.

முதல் 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) இந்தியாவின் சொந்தக் கடல், ஆட்சிக் கடல். 24 கடல் மைல் வரை அடுத்தொட்டிய மண்டலம். 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் முதலிய வளங்களுக்கு உரிமையுள்ள தனிப் பொருளாதார மண்டலம். சம்பவம் 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே.

கேரளா விசாரிக்கலாம் என்று 2012 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. 12 கடல் மைலுக்கு அப்பால் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கப்பலில் பறப்பது எங்கள் கொடி, சுட்டவர்கள் எங்கள் ராணுவ வீரர்கள், ஆகவே எங்கள் கோர்ட்டுதான் என்பது இத்தாலியின் வாதம்.

2013 மார்ச்சில் ஓட்டுப் போட ஊருக்குப் போன வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது இத்தாலி. உச்ச நீதிமன்றம் இத்தாலியத் தூதரையே நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றது. அதன்பின் வீரர்கள் திரும்பி வந்தார்கள். 2015-ல் இத்தாலி ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம், இரண்டு நாடுகளும் தங்கள் கோர்ட் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது.

2020 ஜூலையில் நடுவர் மன்றத்தின் முடிவு வெளியானது. இரண்டு நாட்டுக்குமே அதிகாரம் உண்டு. ஆனால் வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியக் கோர்ட்டிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, ஆகவே உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பொருள் சேதத்துக்கும் மன வேதனைக்கும் நஷ்டஈடு தர வேண்டும். குற்ற விசாரணையை இத்தாலி தன் நாட்டில் தொடரும்.

முடிவு

பணம் கோர்ட்டில் வந்து சேர்ந்த பிறகே உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 15 அன்று இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது. முன்பு கொடுத்தது போக 10 கோடி ரூபாய்: இரண்டு குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. படகிலிருந்த மற்றவர்களும் நாங்களும் பாதிக்கப்பட்டோம் என்று கேட்டார்கள். 2022-ல் உரிமையாளரின் பங்கிலிருந்து 9 பேருக்கு தலா 5 லட்சம் கொடுக்க உத்தரவானது. சாகாதவனுக்கும் நஷ்டம் உண்டு என்பதைக் கோர்ட் ஏற்றது.

ஆனால் 2022 ஜனவரியில் ரோம் நகர நீதிபதியும் அங்கிருந்த குற்ற வழக்கை முடித்துவிட்டார். ஆக, சிவில் பாதை ஊர் வந்து சேர்ந்தது, குற்றவியல் பாதை நடுக்கடலில் நின்றுவிட்டது. சுட்டது குற்றமா, தவறிப்போனதா என்று சாட்சிகளை முழுசாக விசாரித்து எந்த நாட்டுக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறவில்லை. டீக்கடைப் பெரியவர் ஒருவேளை சரியாகத்தான் சொன்னாரோ என்றுகூடத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இல்லை. பைசா கொடுத்ததால் வழக்கு முடியவில்லை, யாருடைய கோர்ட் என்ற சண்டையில் முடிந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றைச் சட்டம் தடுக்கிறது. மற்றதைத் தடுக்க நாடுகள் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

நமக்கு என்ன பயன்?

நாளைக்கு நாம் பாலத்திலும் பாக்டரியிலும் கப்பலிலும் வேலைக்குப் போவோம். அங்கே விபத்து நடந்தால் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே:

* நேரம், இடம், அளவு மூன்றையும் உடனே எழுதி வையுங்கள். 20.5 என்ற எண் எத்தனை கோர்ட்டுக்குப் போனது என்று பார்த்தோம்.
* போலீசில் புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள்.
* நஷ்டஈடு வாங்கும்போது கையெழுத்துப் போடும் காகிதத்தில் எந்த வழக்கு முடிகிறது என்று படித்துப் பாருங்கள்.
* சிவில் சம்மன் வந்தால் பயப்படவும் வேண்டாம், பரணில் போடவும் வேண்டாம். போகாமல் இருந்தால் எதிராளி பக்கமே தீர்ப்பாகிவிடலாம்.
* வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச உதவி உண்டு.

எங்கள் எல்லை வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அப்பா போய் வருகிறார். ஆனால் இப்போது தபால்காரர் வந்தால் அம்மா அழுவதில்லை. "ஓ.எஸ்.ஸா, சி.சி.யா, பாருல" என்று என்னிடம் நீட்டுகிறாள். உங்கள் வீட்டிலும் ஒருத்தருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.