பழைய கணினி கற்றுத்தந்த பாடங்கள்

கணினி பழுதானால் உடனே கடைக்குத் தூக்கிச் செல்வதே எமது வழக்கம். ஆனால் சில பழுதுகளை வீட்டிலேயே திருத்தலாம். அக்குறணையில் எங்கள் வீட்டு மூலையில் கிடந்த மேசைக் கணினி எனக்குக் கற்றுத்தந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

1. அழிறப்பர் வைத்தியம்

ஆளியை அழுத்தினால் காற்றாடி சுழலும். திரை கறுப்பாகவே இருக்கும். 'பீப்' ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். கணினி தொடங்கும்போது தன் பாகங்களைத் தானே பரிசோதிக்கிறது. குறை இருந்தால் ஒலி எழுப்பி அறிவிக்கிறது. எமது கணினியில் குறை 'ரெம்' நினைவகத்தில் இருந்தது. மின்னிணைப்பைக் கழற்றினேன். உடலிலுள்ள நிலைமின் நீங்க, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டேன். பின் ரெம்மை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது. வாப்பாவுக்கு நம்பவே முடியவில்லை.

2. நாணயம் போன்ற மின்கலம்

அணைத்துவிட்டுப் போட்டால் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். இணையத்தளங்களும் திறக்க மறுத்தன. அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குச் செல்லுபடிக் காலம் உண்டு; திகதி பிழைத்தால் கணினி அவற்றை ஏற்காது. தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ற்று 'சீஆர் 2032' மின்கலத்தை மாற்றியதும் சரியானது. 20 என்பது அதன் விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும்.

3. புதிய மென்பொருள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் ரெம் வேண்டும். எம்மிடம் இருந்ததோ 2. எனவே இலவசமான லினக்ஸை நாடினேன். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. கண்டியின் ஹந்தானை மலையின் பெயரில் 'ஹந்தான லினக்ஸ்' என்றொரு பதிப்பை இலங்கையரும் உருவாக்கியுள்ளனர். நான் தெரிவுசெய்தது 'லினக்ஸ் மின்ட்'.

4. நான் விட்ட பிழை

நிறுவும்போது "வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக" என்பதை அவசரத்தில் தெரிவுசெய்தேன். கணினி வேகமாக இயங்கியது. ஆனால் தம்பி தவழ்ந்த காலத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. உம்மா ஏசவில்லை. "வேறெங்காவது இருக்குமா மகள்?" என்று மட்டும் கேட்டார். எங்கும் இருக்கவில்லை.

லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அப்போதே படங்களை வேறொரு பென்டிரைவுக்குப் பிரதி செய்திருக்கலாம். அந்த வழி தெரிந்திருந்தும் பொறுமை இருக்கவில்லை.

அன்பு சகோதரிகளே! ரெம்மையும் மின்கலத்தையும் மாற்றலாம், வன்தட்டைக்கூட வாங்கலாம். அதற்குள் இருந்ததை வாங்க முடியாது. கணினியில் கைவைக்குமுன் முக்கியமானவற்றை இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். அதன்பின் பயமின்றித் திறந்து பாருங்கள்.